தனியாக வருகிறவருக்கு ரூம் இல்லை

காரைக்காலிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்து போவது என்று முடிவு செய்து எட்டு மாதமாகிறது. இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஃபைல் மட்டும் தடித்துக்கொண்டே போகிறது. ஆயுசில் பாதியைக் குமாஸ்தாவாகக் கழித்தவனுக்கு எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு ஃபைல் வேண்டும். ஊர்ப் பெயர்கள், ஊருக்கு ஊர் தூரம், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டு, பிரான்சிலிருந்து மகன் அனுப்பிய ஒரு வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

நானும் என் மனைவியும் ஒருமுறை காரில் இராமேஸ்வரம் போனோம். விடியற்காலை கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சுவாமி பார்த்து, இரவு வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும் வழியில் அவள், "போயிட்டு வந்த மாதிரியே இல்லைங்க" என்றாள். அவளுடைய பாட்டிக்கு மாமியார் அந்தக் காலத்தில் நடந்தே போய் வந்தவராம். சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "நமக்குச் சொல்ல என்ன கதை இருக்கு, டோல்கேட் கதையா?" என்று கேட்டாள். ரிட்டயர் ஆனதும் நடந்து போகலாம் என்றேன். ரிட்டயர் ஆனேன். முதலில் பேரப்பிள்ளை, பிறகு அவளுடைய முழங்கால், பிறகு மற்றதெல்லாம். அவள் போய் மூன்று வருஷமாகிறது.

நான் போக நினைக்கும் வழி கடற்கரையை ஒட்டியது. நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம், பாம்பன். என் கணக்கில் 250 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் மூன்று வாரத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். பங்குனி பிறந்துவிட்டால் வெயில். நடக்கத் தோதான காலம் தையும் மாசியும்தான்.

வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில் கொடியேறும்போது நம் ஊர் வழியாக ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனி ரோட்டிலும் அப்படித்தான். நீர்மோர்ப் பந்தல், அன்னதானம், இரவில் மைக் செட்டு, காலுக்குத் தைலம் தேய்க்க ஆள் என்று எல்லாம் இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை, கூட்டமும் ஒரு பக்திதான். ஆனால் சேதுவுக்குப் போகும் இந்த ரோட்டில் ஒரு பந்தல் கிடையாது. எப்போதாவது கமண்டலத்தோடு ஒரு வடநாட்டுச் சாது போவார், பின்னாலேயே மீன் லாரி போகும். அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வருகிறவர்களும், சேதுவில் எடுத்த மணலோடு காசிக்குத் திரும்புகிறவர்களும் போய்வந்த பாதை இது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்கு வரும் ரோடும் இதில் வந்து சேரும். உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களைச் சுற்றி, அதன் பிறகுதான் இராமேஸ்வரத்துக்குப் போக வேண்டும் என்று முறையே இருந்தது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு எதற்காக நடப்பது? நாங்கள் காரில் போனபோது உப்பூரையும் பார்க்கவில்லை, தேவிபட்டினத்தையும் பார்க்கவில்லை. டிரைவர் நல்ல வேகம்.

இந்த வழியில் எனக்கு ஒரு சொந்த வேடிக்கையும் இருக்கிறது. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக மனோரா கோபுரம் நிற்கிறது. நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடி, ஆங்கிலேயருக்கு நண்பரான சரபோஜி மன்னர் 1814-ல் எழுப்பியது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். நெப்போலியன் ஜெயித்த யுத்தங்களை எல்லாம் வாத்தியார் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார். தோற்றதை அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார். நம் ஊரிலிருந்து சில மணி நேர பஸ் தூரத்தில் அந்தத் தோல்விக்கு எட்டு அடுக்கில் ஒரு கோபுரம் நிற்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

போன மாசியில் வழியைப் பார்த்து வர பஸ்ஸில் கிளம்பினேன். ஊருக்கு ஊர் இறங்கி, தங்க இடம் உண்டா என்று விசாரித்துக் குறித்துக்கொள்வதாகத் திட்டம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஊரில் லாட்ஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த பையன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட யார் வந்திருக்காங்க?" என்றான். யாரும் இல்லை என்றேன். "தனியா வர்றவங்களுக்கு ரூம் கொடுக்கிறதில்ல ஐயா" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். காரணம் கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்காமல், "முன்னாடி ஒருத்தர் வந்து... போலீஸ், கேஸுன்னு ஓனருக்கு ரொம்பச் சிரமம். வயசானவங்க தனியா வந்தா வேணாம்னு சொல்லியிருக்காரு" என்றான்.

நான் சாக வரவில்லையப்பா, நடக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு பஸ்ஸிலேயே ஊர் திரும்பினேன். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இந்த வழி ஆளில்லாமல் போனதற்கு ரயிலை மட்டும் சொல்லிப் பயனில்லை. நடக்கிறவன் இரவில் தலைசாய்க்க இடம் இல்லாமல் போனதால்தான் இது வழியாகவே இல்லாமல் போனது.

அதே சரபோஜி மன்னர் 1801-ல் தஞ்சாவூரில் இருந்த ஆங்கிலேய ரெசிடென்டுக்கு இந்தச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அங்கே என்னென்ன நடக்கிறது என்றும் அதில் விவரிக்கிறார். எந்த ஜாதி வழிப்போக்கனுக்கும் சோறு, கைக்குழந்தைக்குப் பால், நோயில் விழுந்தவனுக்கு வைத்தியம், பிள்ளை பெறும் பெண்ணுக்குப் பராமரிப்பு, வழியில் இறந்தவனுக்கு ஈமக்கிரியை. கடைசி விஷயத்தைத் திரும்பவும் படியுங்கள். தனியாக வந்தவன் இறந்துவிடுவானோ என்று லாட்ஜில் கதவைச் சாத்துகிறார்கள். இறந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சத்திரத்தில் திறந்து வைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரக் கட்டடம் இன்றும் இருக்கிறது. சேதுபாவாசத்திரத்துக்கு ஊர்ப் பெயரிலேயே சத்திரம், இராஜாமடத்துக்குப் பெயரிலேயே மடம். நமக்கு மிஞ்சியது பெயர்ப்பலகை.

மகனிடம் லாட்ஜ் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்பா, உங்களுக்கு நடக்கணும், அவ்வளவுதானே? இங்க வாங்க" என்று அந்தப் புத்தகத்தை அனுப்பிவிட்டான். பிரான்சின் நடுவில் லு புய் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ கோயிலுக்குப் போகும் பழைய யாத்திரை வழி. அறுபது வருஷத்துக்கு முன்னால் படித்த பிரெஞ்சு, அகராதி இல்லாமலே முக்கால்வாசி புரிந்தது. வழி நெடுக, ஒரு நாள் நடைக்குள் தங்க ஏதாவது ஓர் இடம். பொதுக்கூடத்தில் கட்டில், சூப்பு, ரொட்டி. யாத்திரிகனுக்கு ஒரு சீட்டு உண்டு, தங்கும் இடங்களில் அதில் முத்திரை குத்துவார்கள். தனியாக வந்தாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. அங்கே பாதிப்பேர் தனியாகத்தான் வருகிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பொறாமை வரவில்லை, ஆற்றாமைதான் வந்தது. இது நம்மிடம் இல்லாத ஏற்பாடா?

நம் அரசாங்கங்கள் யாத்திரிகர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நானும் அரசாங்கத்துச் சோறு தின்றவன்தான். ஆனால் கட்டுவதெல்லாம் போய்ச் சேரும் இடத்தில் கட்டுகிறார்கள், காரில் வருகிறவர்களுக்காக. வழியில் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு கூடம், ஒரு குழாய், ஒரு கழிப்பறை, பெயர் எழுத ஒரு ரிஜிஸ்டர் போதும். பாழடைந்து கிடக்கும் பழைய சத்திரங்களில் இரண்டைச் சீர் செய்தால்கூடப் போதும். செலவு பெரிதில்லை. எந்தத் துறையின் ஃபைல் என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

புத்தகத்தில் எனக்கு உபயோகமாக இருந்தது ஒரே விஷயம். அங்கே பலபேர் முழு வழியையும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. இந்த வருஷம் ஒரு வாரம், அடுத்த வருஷம் விட்ட இடத்திலிருந்து ஒரு வாரம். அதனால் என் திட்டத்தை மாற்றிக்கொண்டேன். வரும் தையில் காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணி வரை. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, மூன்று நாள். முதல் இரவு நாகூர், இரண்டாவது நாகப்பட்டினத்தில் தெரிந்தவர் வீடு, மூன்றாவது வேளாங்கண்ணி. அங்கே அறைக்குப் பஞ்சமில்லை. மாசியில் முத்துப்பேட்டை வரை. மற்றது மறு தையில். ராமனைத் தேடிப் போகிறவன் தர்காவையும் மாதா கோயிலையும் கடந்து போவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அவளுக்கும் இருந்திருக்கும், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றாமல் ஒருநாளும் அந்த ஊரைத் தாண்டியதில்லை.

மகன் கேட்டுக்கொண்டபடி செல்போனில் நான் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டேன். ரோட்டில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வலப்பக்கமாகவே நடப்பேன், காலை ஒன்பதுக்குள் நிறுத்திவிடுவேன் என்றும் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம், வாங்கிக்கொண்டான்.

மணமேல்குடிக்கும் தொண்டிக்கும் நடுவில்தான் ஃபைலில் இரண்டு இரவுகள் இன்னும் காலியாக இருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் உறவுக்காரர் இருந்தால் சொல்லுங்கள். திண்ணை போதும். பாய் நான் கொண்டுவருவேன்.