எலுமிச்சம்பழமும் இஞ்செக்டரும்

சரக்கேற்றும் டீசல் பிக்கப் வண்டி ஒன்று காலையில் சாவியைத் திருப்பின மாத்திரத்தில் பிடித்துக் கொள்கின்றது. ஐம்பது, அறுபது கிலோ மீட்டர் ஓடி நன்றாய்ச் சூடேறிய பிறகு, டீக்கடை முன்னால் கால்மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பினால், செல்ப் மாத்திரம் சுற்றிக்கொண்டே இருக்கின்றதேயொழிய இஞ்சின் பிடிப்பதில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சும்மா கிடந்து ஆறிய பிறகு, ஒன்றுமே நடவாததுபோல் பிடித்துக் கொள்கின்றது. இதுதான் வியாதி. இந்த ஒரு வியாதியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் பிழைக்கின்றார்கள், எத்தனை பேர் கெடுகின்றார்கள் என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுதப் புகுகின்றோம்.

வண்டி ரிப்பேருக்கு ஒரு வியாசமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் கடன் போட்டு வண்டி வாங்காதவர்களாகவே இருக்க வேண்டும். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டியவனுக்கு, வண்டி நடுவழியில் நிற்பதென்பது அடுப்பு நிற்பதாகும்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிச் சென்று ஜீவனம் செய்கின்றவர். அவர் வண்டிக்கு இந்த வியாதி வந்தது. முதலில் அவர் சென்றது ஒர்க்‌ஷாப்புக்கு அல்ல. “வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வருகின்றது, அதுதான் ராசியில்லை” என்றார் ஒருவர். “கண் பட்டுவிட்டது” என்றார் மற்றொருவர். ஒரு நாள் வெய்யிலில் வண்டி பிடிக்காமல் நின்றபோது, ஒரு பையனை ஓட விட்டு எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் வாங்கி வரச் சொல்லி, பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து, பூசணிக்காயைச் சுற்றி உடைத்து, கற்பூரம் கொளுத்தி முடித்தார்கள். இவ்வளவும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக் கொண்டது! கூடியிருந்தவர்கள் எல்லோரும் “பார்த்தாயா, பார்த்தாயா?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பெருமை கொண்டார்கள்.

நாம் கேட்கின்றோம்: அந்த ஒன்றரை மணி நேரமும் எல்லோரும் சும்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தால் வண்டி பிடித்திருக்குமா, பிடித்திருக்காதா? இந்த ஒரு கேள்வியை அங்கே ஒருவராவது கேட்டார்களா? வண்டியை எழுப்பியது பழமல்ல. பழம் வாங்கப் போய்வந்த நேரம். இஞ்சின் ஆறிற்று, பிடித்தது. வேலை செய்தது கடிகாரம். பெயர் வாங்கியது எலுமிச்சம்பழம்!

நிற்க. எலுமிச்சம்பழக்காரர்களை மாத்திரம் பரிகாசம் செய்துவிட்டுப் போக நாம் இதை எழுத வரவில்லை. அடுத்த வாரமே வியாதி திரும்பி வந்ததும், தோழர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கே என்ன நடந்தது? “பேட்டரி போய்விட்டது” என்றார்கள், மாற்றினார். இராத்திரி அங்கேயே விட்டுவிட்டுக் காலையில் போய் எடுத்தார். ஒரே சுற்றில் பிடித்தது. “பார்த்தீர்களா, சரியாகிவிட்டது” என்றார்கள். அன்று மத்தியானமே மறுபடியும் நின்றது. பிறகு “ஹீட்டர் பிளக்” என்றார்கள், நாலையும் மாற்றினார். மறுநாள் காலையில் பிடித்தது, மத்தியானம் நின்றது. பிறகு செல்பைப் பிரித்துக் கட்டினார்கள். காலையில் பிடித்தது, மத்தியானம் நின்றது. மூன்று மாதத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் கரைந்தது. கடைசியாக, “நாலு இஞ்செக்டரும் பம்பும் மாற்ற வேண்டும்” என்று வண்டியின் விலையில் ஒரு நல்ல பங்கைக் கேட்டார்கள்.

தோழர்களே! எலுமிச்சம்பழத்திற்கும் இந்த ஒர்க்‌ஷாப்புக்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஒன்றரை மணி நேரம் ஆற வைத்துவிட்டு அற்புதம் என்றார்கள். இங்கே ஓர் இராத்திரி முழுதும் ஆற வைத்துவிட்டு ரிப்பேர் என்றார்கள். அங்கே தட்சணை நூறு, இருநூறு, இங்கே ஆயிரக்கணக்கு. சூட்டில் பிடிக்காத வண்டியைக் குளிரில் பிடிக்க வைத்துக் காட்டுவது ஒரு ருசுவாகுமா? சூட்டில் வருகின்ற குற்றத்தைச் சூட்டிலேதான் சோதிக்க வேண்டும் என்பது சாதாரண அறிவல்லவா?

வண்டி சொல்லுகின்ற சாட்சியத்தைக் கொஞ்சம் கவனிப்போம். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1893-ல் உரிமைப் பத்திரம் பெற்று, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய தத்துவம் இதுதான்: காற்றைச் சிலிண்டருக்குள் கெட்டியாய் அழுத்தினால், அந்த அழுத்தத்தினாலேயே அது 500 டிகிரிக்கு மேலும் கொதிக்கின்றது, அதில் எண்ணெயைப் பனிபோல் தெளித்தால் தானே எரிகின்றது. அப்படியானால் இஞ்சின் ஏற்கனவே சூடாயிருக்கும்போது இந்தக் காரியம் சுலபமாக அல்லவோ நடக்க வேண்டும்? ஹீட்டர் பிளக் என்பது குளிர்ந்த இஞ்சினுக்குச் சூடு கொடுப்பதற்காக வைக்கப்பட்டது. குளிரில் பிடித்துச் சூட்டில் பிடிக்காத வண்டிக்கு ஹீட்டர் பிளக் மாற்றுவது, வியர்த்து விறுவிறுக்கின்றவனுக்குக் கம்பளி போர்த்துவது போலாகும். சிலிண்டர் தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தாலும் அது குளிரிலேதான் முதலில் தெரியும். ஆகவே பிரிப்பதற்கு முன்பே, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், இத்தனை சந்தேகங்களையும் யோசனையினாலேயே பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

அப்படியானால் சூட்டில் கெடுகின்றவை எவை? சாதாரணமாக மூன்று.

முதலாவது, செல்ப். செம்புக் கம்பி சூடேறினால் அதில் மின்சாரத்திற்குத் தடை அதிகமாகும். உள்ளே புஷ் தேய்ந்திருந்தாலோ, கேபிளின் முனை பூத்திருந்தாலோ, சூட்டில் செல்ப் முக்கி முக்கிச் சுற்றும். இதைக் காதாலேயே அறியலாம். சுற்றும்போது பேட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருந்து, செல்ப் மாத்திரம் மெதுவாய்ச் சுற்றினால், குற்றம் கேபிளிலோ செல்பிலோ இருக்கின்றது. பேட்டரி பாவம் என்ன செய்யும்? காலையில் சுற்றுகின்ற அதே வேகத்தில் மத்தியானமும் சுற்றினால் மூன்றையுமே விட்டுவிடலாம்.

இரண்டாவது, கிராங்க் சென்சார். இஞ்சின் எந்த நிலையில் சுற்றுகின்றது என்பதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லுகின்ற கருவி இது. இதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூட்டில் விட்டுப்போய், ஆறினால் கூடிக்கொள்வதும் உண்டு. இதன் சேதி வராவிட்டால் எண்ணெய் தெளிக்க உத்தரவே பிறக்காது. ஸ்கேனரை மாட்டிச் செல்பைச் சுற்றினால், அதில் நிமிஷத்திற்கு 150 முதல் 250 சுற்று வரை காட்ட வேண்டும். இஞ்சின் சுற்றும்போதே பூஜ்யம் காட்டினால் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

மூன்றாவது, எண்ணெயின் அழுத்தம். இன்றைய வண்டிகளில் பம்பானது எண்ணெயை ஒரு பொதுக்குழாயில் அழுத்தி நிரப்புகின்றது. அதற்கு ரெயில் என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொரு இஞ்செக்டரும் எடுத்துத் தெளிக்கின்றது. ஓடும்போது இந்த அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். ஸ்டார்ட் ஆவதற்குப் பல வண்டிகளில் சுமார் 200 பாராவது வேண்டும். இஞ்செக்டருக்குள் ஒன்றோடொன்று உரசுகின்ற பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அது தேய்ந்து கொஞ்சம் அகன்றால், குளிர்ந்த எண்ணெய் கெட்டியாயிருப்பதால் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். சூடான எண்ணெய் நீர்த்துப்போய் அந்தச் சந்து வழியே கசிந்து ரிட்டர்ன் பைப்பில் ஓடிவிடும். இஞ்சின் வேகமாய் ஓடும்போது பம்பும் வேகமாய் ஓடுவதால் கசிவை ஈடு செய்துகொள்ளும். செல்ப் சுற்றுகின்ற மந்த வேகத்தில் ஈடு செய்ய முடியாது. நிறுத்திய பிறகு தண்ணீர் ஓட்டமும் விசிறிக் காற்றும் நின்றுபோவதால், இஞ்சினின் உள்சூடு வெளிப்பாகங்களுக்கும் ஏறுகின்றது. டீக்கடையில் கால்மணி நேரம் நின்ற பிறகே வியாதி முற்றுவதற்குக் காரணம் இதுதான். டீக்கடைக்காரரின் கண் அல்ல!

பழைய பம்பு வண்டிகளை ஓட்டிய டிரைவர்கள், சூட்டில் பிடிக்காவிட்டால் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு எழுப்புவார்கள். அது சரியான சோதனை. துணியைப் போட்டதும் பிடித்தால் பம்பு தேய்ந்திருக்கின்றது என்று அர்த்தம். அதையும் சிலர் அபிஷேகம் போலச் செய்துவிட்டு, காரணம் தேடாமல் வருஷக்கணக்காய் ஓட்டினார்கள் என்பதுதான் வருத்தம்.

நமது தோழரின் வண்டிக்கு வருவோம். கடைசியில் அவர் ஒரு சிறிய ஊரிலுள்ள மெக்கானிக்கிடம் போனார். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. ஆனால் சோதிக்காமல் ஸ்பானரைத் தொடாதவர். “காலையில் வராதீர்கள், ஓடிச் சூடானதும் வாருங்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி ரிப்பேர் முடிந்தது என்போம். சூட்டிலேயே ஸ்கேனரை மாட்டினார். சுற்று சரியாக இருந்தது. ரெயில் அழுத்தம் மாத்திரம் 120-க்கு மேல் ஏறவில்லை. பிறகு நாலு இஞ்செக்டர்களின் ரிட்டர்ன் பைப்புகளையும் கழற்றி, நாலு ஒரே மாதிரியான குப்பிகளில் விட்டு, செல்பைச் சுற்றினார். மூன்று குப்பிகளில் அடியில் சில துளிகள். மூன்றாவது இஞ்செக்டரின் குப்பியில் மாத்திரம் விரற்கடை அளவுக்கு எண்ணெய். தோழர் தம் கண்ணாலேயே பார்த்தார். யார் பேச்சையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு இஞ்செக்டர் மாற்றப்பட்டது. புது இஞ்செக்டரின்மேல் அச்சிட்டிருந்த குறியீடு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஏற்றப்பட்டது. மறுபடியும் ஓட்டிச் சூடாக்கி, கால்மணி நேரம் நிறுத்தி, சாவியைத் திருப்பினார்கள், பிடித்தது. மறுநாளும் மத்தியானத்தில் பிடித்தது. இதற்குப் பெயர்தான் ருசு. நாலு இஞ்செக்டரும் பம்பும் மாற்றச் சொன்னவர்களுடைய யோக்கியதையை வாசகர்களே எடை போட்டுக் கொள்ளட்டும். நாலு குப்பியிலும் கசிவில்லாமல் அழுத்தமும் ஏறாதிருந்தால், அப்போதுதான் ரெயிலின் வால்வையும் பம்பையும் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் தனிச்சோதனை உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பழக்கத்தில் சிலர் இஞ்செக்டருக்குப் போகின்ற அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கின்றார்கள். இன்றைய ரெயில் வண்டிகளில் இது கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பாய்கின்ற எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். விரலோ கையோ போனாலும் போகும். சோதனை ரிட்டர்ன் பக்கத்தில்தான். அதையும் அந்த வண்டியின் கையேட்டில் சொல்லியபடியே செய்ய வேண்டும்.

சிலர் நம்மிடம், “எலுமிச்சம்பழம் கட்டுவதால் என்ன ஐயா நஷ்டம்? ஐந்து ரூபாய்தானே!” என்று கேட்கின்றார்கள். நஷ்டம் ஐந்து ரூபாயில் இல்லை. பழத்தை நம்பிய புத்தியேதான் பேட்டரியையும் ஹீட்டர் பிளக்கையும் நம்பிற்று. “ஏன்?” என்று கேட்காமல் ஓரிடத்தில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பழகியவன், இன்னோரிடத்தில் அப்படியே 30,000 கொடுக்கின்றான். இதுதான் நஷ்டம்.

இன்னும் சிலர், “நாங்கள் படிக்காதவர்கள், மெக்கானிக் சொல்வதைக் கேட்கத்தானே வேண்டும்?” என்கின்றார்கள். படிப்பு இதில் எங்கே வந்தது? வண்டி எப்போது பிடிக்கின்றது, எப்போது பிடிக்கவில்லை, எத்தனை நிமிஷம் நின்ற பிறகு, செல்ப் எந்த வேகத்தில் சுற்றுகின்றது, மேட்டில் இழுவை குறைகின்றதா, புகை வருகின்றதா என்பதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும். மேட்டிலும் இழுவை குறைந்தால் பில்டர் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு என்று முதலில் பார்க்க வேண்டும். இழுவை சரியாயிருந்தால் வேறு வழியில் தேட வேண்டும். இந்தச் சாட்சியத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள். சாமானை மாற்றச் சொல்கின்றவரிடம், “எந்தச் சோதனையில் இது தெரிந்தது? என் கண் முன்னே காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்டுகின்றவருக்குக் கேட்ட கூலியைச் சந்தோஷமாய்க் கொடுங்கள். அது அறிவுக்குக் கொடுக்கின்ற கூலி. கோபித்துக் கொள்கின்றவரிடமிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். கழற்றிய பழைய சாமானையும், ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இஞ்செக்டர் தேய்வது பெரும்பாலும் எண்ணெயிலுள்ள தூசியாலும் தண்ணீராலும்தான். பில்டரின் அடியில் சேர்கின்ற தண்ணீரை அவ்வப்போது வடித்து, குறித்த காலத்தில் பில்டரை மாற்றி வந்தால், இந்த வியாதி வருவதே அபூர்வம். வெள்ளிக்கிழமை தோறும் மறவாமல் பழம் கட்டுகின்ற கை, பில்டரை மாற்ற மாத்திரம் மறந்துபோவானேன்?

ஆகவே தோழர்களே! வண்டி பொய் சொல்லுவதில்லை. அது சூட்டில் ஒரு சேதியும் குளிரில் ஒரு சேதியும் சொல்லுகின்றது. கேட்கின்ற காது நமக்கு வேண்டும். பழத்தை நம்புவதா, பார்ட்டை நம்புவதா என்பதல்ல கேள்வி. நம்புவதா, சோதிப்பதா என்பதே கேள்வி. பதிலை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகின்றோம்.