நெருஞ்சி வைத்த தேர்வு

நெருஞ்சி முள்ளை அறியாத பாதங்கள் இருத்தல் அரிது. வெறுங்காலுடன் கிரிவலம் சென்றோர் ஒருமுறையேனும் அதனிடம் அகப்பட்டிருப்பர். அந்த நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான செடியொன்று, பசிபிக் பெருங்கடலின் குட்டித் தீவொன்றில் ஒரு குருவி இனத்தையே சல்லடையில் இட்டுச் சலித்த வரலாறு உண்டு.

ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கலாபகோஸ் தீவுக் கூட்டம். 1835இல் அங்கு சென்ற சார்லஸ் டார்வின், 1859இல் வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை விரித்துரைத்தார். எனினும், அது மிக மெதுவாக நிகழ்வது, மனிதர் தம் ஆயுளில் கண்டறிய இயலாதது என்றே அவர் எண்ணினார்.

கண்டறிய இயலும் என்று காட்டியவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர். 1973 முதல் நாற்பது ஆண்டுகள், அத்தீவுக் கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்னும் எரிமலைத் தீவுக்கு அவர்கள் சென்று வந்தனர். அதன் பரப்பு நூறு ஏக்கருக்கும் குறைவு. மனிதர் எவரும் அங்கு வாழ்வதில்லை. குடிநீரைக்கூடப் படகில் கொண்டுசென்று, பாறையில் தாவி ஏற வேண்டும். குருவிகளைப் பிடித்து, காலில் அடையாள வளையம் இட்டு, அலகின் நீளத்தையும் பருமனையும் உடல் எடையையும் அளந்து பறக்க விடுவர். எந்தக் குஞ்சு எந்த இணைக்குப் பிறந்தது, எது எந்த ஆண்டு மறைந்தது என யாவும் பதிவாயின. பேரேட்டில் பைசா பிசகாமல் கணக்கு எழுதியவர்களுக்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

1977இல் மழை பொய்த்தது. செடிகள் கருகின. நடுத்தரத் தரைக்குருவி என்னும் இனம் சிறு விதைகளை எல்லாம் முதலில் தின்று தீர்த்தது. பின்னர் எஞ்சியது பெரும்பாலும் நெருஞ்சிக் காய். முள்ளும் கடினமும் கொண்ட அதை உடைக்கப் பருத்த அலகு வேண்டும். உடைக்க முடிந்த அலகுக்கும் முடியாத அலகுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரில் உயிர் ஊசலாடியது. நூற்றுக்கு 85 என்ற அளவில் அவ்வினம் அழிந்தது. பெண் குருவிகள் உருவில் சிறியவை. ஆதலால் அவையே மிகுதியாக மடிந்தன.

பஞ்சம் தீர்ந்தபின் அளந்து பார்த்தபோது, பிழைத்தவற்றின் சராசரி அலகு முன்னைவிடப் பருத்திருந்தது. இங்கேதான் பலரும் இடறுவர். பசித்த குருவிகள் முயன்று முயன்று அலகை வளர்த்துக்கொண்டன என்று பொருள் கொள்வர். எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. வகுப்பறையிலிருந்து குள்ளமான பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டால், மீதமுள்ளோரின் சராசரி உயரம் கூடும். பிள்ளை எவரும் வளர்ந்திருக்க மாட்டார். மாறியது தனிக் குருவி அன்று, குருவிக் கூட்டம். பெற்றோரின் அலகு குஞ்சுகளுக்கும் வாய்ப்பது மரபு. எனவே, 1978இல் பிறந்த குஞ்சுகளும் பருத்த அலகுடனேயே வளர்ந்தன. பரிணாமம் என்பது இதுவே. தேர்வு என்ற சொல், எவரோ அமர்ந்து பொறுக்கியெடுத்ததுபோல் தோன்றச் செய்யும். அத்தீவில் நிகழ்ந்ததோ பசி மட்டுமே.

இத்துடன் கதை முடிந்திருந்தால், பெரிய அலகே சிறந்தது என்று எவரும் தீர்ப்பு எழுதியிருக்கலாம். தகுதியுள்ளதே பிழைக்கும் என்ற தொடரை, வலியோர் எளியோரை மிதிப்பதற்கு நியாயமாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் அவசியம் அறிய வேண்டியது அடுத்து நடந்தது.

1982ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 1983இன் நடுப்பகுதி வரை எல் நினோவின் விளைவாகப் பெருமழை கொட்டியது. கொடிகளும் புற்களும் தீவெங்கும் படர்ந்து நெருஞ்சியை அமுக்கிவிட்டன. எங்கு நோக்கினும் சிறு விதைகள். அடுத்து வறண்ட ஆண்டுகள் வந்தபோது, பருத்த அலகுடைய பெரிய குருவிகளே மிகுதியாக மடிந்தன. சிற்றலகு உடையவை பிழைத்தன. ஆறேழு ஆண்டுகளுக்குள் தகுதி தலைகீழாயிற்று.

அந்த 1982இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. பெரிய தரைக்குருவி என்னும் வேறோர் இனம் அத்தீவில் வந்து குடியேறியது. தொடக்கத்தில் அவை மிகச் சிலவே, மெல்லப் பெருகின. 2003, 2004ஆம் ஆண்டுகளில் மீண்டும் வறட்சி வந்தது. அதே தீவு, அதே நெருஞ்சி. ஆனால் இம்முறை நெருஞ்சிக் காய்களைப் புதியவர்கள் எளிதில் உடைத்துத் தின்றுவிட்டனர். அக்காயையே நம்பியிருந்த, பருத்த அலகுடைய நடுத்தரக் குருவிகள் பட்டினியில் மாண்டன. 2005இல் அளந்தபோது, எஞ்சியவற்றின் சராசரி அலகு தெளிவாகச் சிறுத்திருந்தது.