வாட்ச்மேனுக்குக் கொடுத்த குரல்

சென்னையில் ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சி ஒன்றுக்குச் சமீபத்தில் போயிருந்தேன். மேடையேறிய இளைஞர் தன் காதல் தோல்வி, அப்பாவோடு சண்டை, வேலையில் அலுப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். நடுவில் அவருடைய அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வந்தார். சட்டென்று மெட்ராஸ் பாஷை: “இன்னா சார், லிஃப்டு பேஜார் பண்ணுது!” அரங்கமே குலுங்கியது. யோசித்துப் பார்த்தால், லிஃப்ட் பழுது என்பது வெறும் தகவல். சிரிக்கவைத்தது அந்தக் குரல் மட்டும்தான். அதே நேரத்தில் அரங்கத்தின் வாசலில் நீலச் சட்டைக் காவலாளி ஒருவர், தாமதமாக வந்தவர்களின் டிக்கெட்டைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்து இருக்கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முன்பின் தெரியாத கூட்டத்தின் முன்னால், கையில் இருக்கும் பத்தே நிமிடத்தில் மேடைக் கலைஞர் ஒரு ஆளை நிறுத்திக் காட்ட வேண்டும். ‘ஐடி பையன்’, ‘சேட்டு’, ‘மாமி’ என்று ஒரு சொல் போதும்; மிச்சத்தைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இந்தக் குறுக்குவழி இல்லாமல் மேடை நகைச்சுவை நடக்காது. ஆனால், உள்ளே வந்த ஆள் கடைசிவரை அந்த முத்திரையாகவே நிற்கிறாரா, ஒரு மனிதராக மாறுகிறாரா என்பதில்தான் கலைஞரின் திறமை தெரிகிறது.

மொழிதான் இதைக் காட்டிக்கொடுக்கிறது. யோசிக்கிற, வருந்துகிற ‘நான்’ ஆங்கிலம் பேசுகிறார்; ஆட்டோக்காரரும் வீட்டு வேலை செய்யும் அக்காவும் தமிழ் பேசுகிறார்கள், அதுவும் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் மட்டும். ஸ்டாண்ட்-அப் கலைஞர் அலெக்ஸாண்டர் பாபு தன் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியில் திரைப் பாடகர்களின் குரல்களை எடுத்தாளும்போது இந்தப் பிளவு இல்லை. கேலி உண்டு, அந்தக் குரல்களோடு வளர்ந்தவரின் பிரியமும் கூடவே வருகிறது.

மெட்ராஸ் பாஷை அப்படியொன்றும் ஏளனத்துக்குரியதல்ல. பேஜாரும் நாஸ்டாவும் உருதுவிலிருந்து வந்தவை, துட்டு டச்சுக்காரர்களிடமிருந்து, கஸ்மாலம் சமஸ்கிருதத்திலிருந்து. ஒரு துறைமுக நகரத்தின் உழைப்பாளிகள் சேர்த்துவைத்த சொத்து அது. தூத்துக்குடிக்காரரான நடிகர் சந்திரபாபு, 1958-ல் ‘சபாஷ் மீனா’ படத்தில் ரிக்‌ஷாக்காரராக அதைப் பேசியபோது அந்த மனிதரும் கூடவே நம் மனதில் நின்றார். மறுபக்கம், 1968-ல் ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் செய்த ‘மதராஸி’ பாட்டு வாத்தியார் நம்மில் பலருக்கு இன்றும் உறுத்துகிறார். சென்னைக் காமெடியன் அரவிந்த் எஸ்.ஏ. தன் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்கு ‘மதராஸி டா’ என்றே பெயர் வைத்தபோது நமக்கு அவ்வளவு பிடித்திருந்தது அதனால்தான். நமக்கு வலித்தது வாட்ச்மேனுக்கும் வலிக்கும்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷாப்பெல் இதை மேடைக்கு உள்ளிருந்தே உணர்ந்தவர். தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, கறுப்பர்கள் மீதான முத்திரைகளையே கிண்டலடிக்கும் ஒரு காட்சியைப் படமாக்கும்போது வெள்ளையர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முத்திரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கறுப்பரைப் பார்த்தே சிரிக்கிறார் என்று ஷாப்பெலுக்குத் தோன்றிவிட்டது. 2005-ல், சுமார் 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். சிரிப்பு வந்ததே என்று திருப்தியடையாமல், அது எதற்காக வந்தது என்று காது கொடுத்துக் கேட்ட கலைஞர் அவர்.

நம் இளைஞருக்கும் அந்தத் திறமை இருக்கிறது. குரலை அத்தனை நுட்பமாகப் பிடித்தவருக்கு அந்த ஆளையும் பிடிக்க முடியும். இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த அபார்ட்மென்டில் யார் எந்தக் கோலத்தில் வீடு திரும்புகிறார்கள் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். அவர் வாயால், அதே மெட்ராஸ் பாஷையில், அந்த இளைஞரின் காதல் தோல்வியைக் கேட்க வேண்டும். அதற்கு நான் மறுபடியும் டிக்கெட் எடுப்பேன்.