கூட்டம் வரைந்த படம்

பலர் கூடி அளந்தால் அளவு தப்பாது என்கிறார்கள். வீட்டு வைஃபை பெட்டிகளின் அலையைத் தெருவில் போகிறவர்களின் கைபேசிகள் கேட்டு, கேட்ட இடத்தைக் குறித்து அனுப்புகின்றன. அந்தக் குறிப்புகளைத் திரட்டிய படத்தைக் கொண்டு, செயற்கைக்கோள் சரியாக எட்டாத வீட்டுக்குள்ளும் ஒரு கைபேசி தன் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் குறிக்கப்படுவது பெட்டி இருக்கும் இடமல்லவே, ஐயா. கேட்டவர் நின்ற இடம்!

சின்ன காஞ்சிபுரத்தில் வண்டிகள் வரதர் கோயிலுக்குப் போகும் பெரிய சாலையோடு போகும். பின்சந்தில், குழித்தறிக்கு மேலே மாட்டிய பெட்டி, படத்தில் சாலைக்கே குடிவந்துவிடும். ஆயிரம் வண்டிகள் கேட்டாலும் அதே பிழை ஆயிரம் முறை! நெசவாளர் அனுப்பிய இருப்பிடத்தை நம்பி வருகிறவர் சாலையில் நின்று விழித்துவிட்டு, எதிர்க்கடையில் புடவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

2019-ல் அத்திவரதரைச் சேவிக்க 48 நாட்கள் ஜனசமுத்திரம் திரண்டதே, அப்படிப்பட்ட கூட்டத்தில் கைபேசியையே பெட்டியாக்கி இணையம் பகிர்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் கோயில் வாசலிலேயே வசிப்பதாகக் குறிப்பு சொன்னால், அது அளவையா, வதந்தியா?

பிழை சராசரியில் கரைந்துவிடும் என்பது சோம்பேறி வேதாந்தம். பட்டை நிறுக்கிறவன் ஈரத்தைக் கழிக்காமலா விலை பேசுகிறான்? அலைகிற பெட்டிகளைத் தள்ளுங்கள். நாள்பட்ட குறிப்புகளை அழியுங்கள். சந்துக்குள் நடந்து கேட்டதற்கு முதலிடம் கொடுங்கள். 2013-ல் இப்படியொரு பொதுப்படத்தைத் தொடங்கிய மொஸில்லா, துல்லியம் தேய்ந்துவிட்டதென்று 2024-ல் கடையைக் கட்டியது. மிச்சமிருப்பவர்கள் இன்னும் எண்ணிக்கையைத்தான் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.