நிலா கற்பித்த பாடம்

"படிக்கிற காலத்தில் கேமராவும் கையுமாக என்ன வேலை?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டிருக்கலாம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஒளிப்படம் எடுப்பதை யாரிடமும் முறையாகக் கற்றவன் அல்லன். வேலையில் சேர்ந்த பிறகு, விடுமுறை நாட்களில் நானே தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்: ஒழுங்காகச் செய்தால், பொழுதுபோக்கு படிப்புக்குப் பகையன்று, துணையே.

ஒரு பௌர்ணமி இரவு. பழைய பிலிம் கேமராவில் டெலி லென்ஸைப் பொருத்தி, மொட்டை மாடியில் நிலாவைப் படம் எடுத்தேன். இரவில் வெளிச்சம் போதாதே என்று ஷட்டரை நான்கு விநாடி திறந்து வைத்தேன். பிலிமைக் கழுவி வாங்கிப் பார்த்தால், ஆறு படங்களிலும் வெறும் வெள்ளைப் பொட்டு! நிலாவின் கறைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

எங்கே தவறு? சற்றுச் சிந்தியுங்கள். நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய ஒளியையே அது திருப்பி அனுப்புகிறது. சூரியன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நிலாவோ நம்மிடமிருந்து சராசரியாக 3,84,000 கிலோமீட்டர்தான். அப்படியானால் சூரியனிலிருந்து நிலா இருக்கும் தொலைவும் ஏறத்தாழ அதே 15 கோடிதான் அல்லவா? ஆகவே, நம் ஊர் நண்பகல் வெயிலைப் போன்ற வெயில்தான் அங்கும் அடிக்கிறது. இருட்டில் நின்றவன் நான். நிலா வெயிலில் இருந்தது!

அடுத்த பௌர்ணமியன்று அதே 100 ஐ.எஸ்.ஓ. பிலிம், அதே துளை எண் 11. நேரத்தை மட்டும் 1/125 விநாடியாகக் குறைத்தேன். கறைகள் தெளிவாக விழுந்தன. முதலில் 500 மடங்கு ஒளியை வீணாகப் பாய்ச்சியிருக்கிறேன். ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன்தான் நான். அன்றுதான் அந்த விதி எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று தனியொரு பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 19. வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களை அவர் படமாக்கினார். ஆனால், விவசாயத்தை அவர் விடவில்லை. அவர் எடுத்த படங்களின் பெருந்தொகுப்பு 1931-இல் நூலாக வெளிவந்தது.

இன்று செல்போன் கேமரா எல்லாவற்றையும் தானே தீர்மானித்துவிடுகிறது. படம் நன்றாக வரும். ஆனால், தவறு செய்து கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது. எனவே உங்களுக்கு என் யோசனை இது. புதுக் கேமரா கேட்டு வீட்டில் அடம் பிடிக்காதீர்கள். வீட்டில் உள்ள போனில், ஷட்டர் நேரத்தை நாமே மாற்றும் வசதி இருந்தால் அதுவே போதும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் விளைவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கெட்டுப்போன படங்களை அழித்துவிடாதீர்கள். "ஏன் கெட்டது?" என்று கேளுங்கள். மதிப்பெண் எதுவும் கிடைக்காதுதான். ஆனால், அப்படிக் கற்றது மறக்காது.