நர்ஸம்மாவை எழுப்புங்கள்

மாரி மழை தொடங்கிவிட்டது. ஒட்டுசுட்டான் பக்கம் குளமும் வயலும் நிரம்பினால் டெங்கும் எலிக்காய்ச்சலும் பின்னாலேயே வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அப்படியொரு மழைக்காலத்தில் எமது அங்கத்தவர் ஒருவரின் மகன் டெங்குடன் வைத்தியசாலையில் கிடந்தான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. தாய் சாமியைக் கும்பிட்டார். அன்றிரவே பிள்ளையின் கைகால் குளிர்ந்தன. வயிறு வலிக்கிறதென்று முனகினான். தாய் விடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஏனென்று கேட்டதற்கு, "நர்ஸம்மா இப்பத்தான் உக்காந்தாங்க, எப்படிக் கூப்பிடுறது?" என்றார். பிள்ளை அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தான்.

துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற பழக்கம் அது. தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து நாற்பது ஆண்டு கடந்தும் நம்மை விடவில்லை.

டெங்கில் காய்ச்சல் விடும் நேரந்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். இது ஒன்று, இரண்டு நாள் நீடிக்கலாம். அப்போது பக்கத்தில் இருப்பவர் காய்ச்சலை மட்டும் தொட்டுப் பார்த்தால் போதாது. எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குச் சலம் போனார் என்று கொப்பியில் எழுதுங்கள். ஆறு மணித்தியாலம் சலம் போகாவிட்டால் சொல்லுங்கள். விடாத வாந்தி, இரத்தக் கசிவு, தடுமாறிய பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் எதுவானாலும் உடனே சொல்லுங்கள்.

எந்த நோயானாலும் மூச்சை எண்ணுங்கள். வளர்ந்தவர் சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். அது 25ஐத் தொட்டால் தாதியிடம் ஓடுங்கள். "ஒரு மாதிரி இருக்கு" என்பதைவிட "மூச்சு 28, மத்தியானத்திலிருந்து சலம் போகவில்லை" என்பதற்கு வேகம் அதிகம். மொழி விளங்காவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு விடுதி முழுவதையும் இரவில் ஓரிருவரே பார்க்க வேண்டிய நிலையில் தாதியர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவர்கள் காணாததை நாம் காட்டலாம்.

இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி கிருமித் தொற்று இரத்தத்தில் பரவி இறந்தாள். பிள்ளையின் நிலை மோசமாகிறதென்று பெற்றோர் சொன்னது கணக்கில் எடுக்கப்படவில்லை. அவர்கள் போராடியதால், வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கும்படி குடும்பத்தினரே கேட்கும் ஏற்பாடு 2024 முதல் அங்குள்ள வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வந்தது. 'மார்த்தா விதி' என்கிறார்கள்.

இங்கும் அது வேண்டும். நோயாளியின் நிலை மோசமானால் இரவில் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு விடுதியிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டும்படி சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்கும் மனு தயாராகிறது. அடுத்த கிளைக் கூட்டத்தில் கையெழுத்து வாங்குகிறோம். வைத்தியசாலையில் இரவு விழித்திருந்த தாய்மார் கட்டாயம் வாருங்கள்.