திருப்பதி–காட்பாடி இரட்டை ரயில் பாதை: அதிகாரத்துக்கு ஈடாகக் கடமையும் வேண்டும்

திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி வரை செல்லும் 104 கிலோமீட்டர் ஒற்றை ரயில் பாதையை இரட்டைப் பாதையாக மாற்றும் திட்டத்துக்கு, பொருளாதார விவகாரங்களுக்கான மத்திய அமைச்சரவைக் குழு 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் அளித்தது. மதிப்பீட்டுச் செலவு 1,332 கோடி ரூபாய். ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களிலும் தமிழகத்தின் வேலூர் மாவட்டத்திலும் அமையும் இத்திட்டத்தால் சுமார் 400 கிராமங்களும் 14 லட்சம் மக்களும் பயன்பெறுவர் என்று அரசு தெரிவித்தது.

திட்டத்தின் தேவையை யாரும் மறுப்பதற்கில்லை. திருமலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75,000 பக்தர்கள் வருகின்றனர். விழாக் காலங்களில் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளும் மாணவர்களும் இதே பாதையை நம்பியுள்ளனர். ஒற்றைத் தடத்தில் எதிரே வரும் வண்டிக்காகச் சிறு நிலையங்களில் காத்திருக்கும் நேரம் குறைந்தால், அது எல்லோருக்கும் நன்மையே.

ஆனால், பாதையோரத்தில் வாழ்பவரின் கேள்வி வேறு. நிலத்தின் ஒரு பகுதியை இழப்பவருக்கும், தண்டவாளத்தைக் கடந்து வயலுக்குச் செல்பவருக்கும் சட்டம் எந்த அளவுக்குப் பாதுகாப்பு தருகிறது? சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் ரயில்வே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? பணிகள் முழு வீச்சை அடையும் முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் இவை.

விரிவான அதிகாரம்

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11ஆவது பிரிவு, ரயில்வே நிர்வாகத்துக்கு மிக விரிவான அதிகாரத்தை வழங்குகிறது. பாதை அமைக்கவும் பராமரிக்கவும் நிலம், சாலை, மலை, ஆறு, ஓடை, கால்வாய் ஆகியவற்றின் மீதோ குறுக்கேயோ கட்டுமானங்களை எழுப்பலாம். நீரோட்டத்தின் போக்கையே மாற்றலாம். வேறு சட்டங்களில் என்ன கூறப்பட்டிருந்தாலும் இந்த அதிகாரம் செல்லும் என்பது அப்பிரிவின் வாசகம்.

நிலம் எடுப்பதற்குத் தனி வழி 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. 'சிறப்பு ரயில்வே திட்டம்' என அறிவிக்கப்படும் பணிகளுக்கு 20ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும். உரிமையாளர் 30 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதன்பின் வெளியாகும் பிரகடனத்துடன் நிலம் எவ்வித வில்லங்கமும் இன்றி மத்திய அரசைச் சேர்கிறது. இரட்டைப் பாதையின் பெரும்பகுதி ரயில்வேயின் சொந்த நிலத்திலேயே அமைவது வழக்கம் என்றாலும், வளைவுகள், பாலங்கள், நிலைய விரிவாக்கம் ஆகியவற்றுக்குக் கூடுதல் நிலம் தேவைப்படும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட மேம்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் 2015 முதல் ரயில்வே சட்டத்தின் கீழான நில எடுப்புக்கும் பொருந்தும். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையிலான காரணியால் பெருக்கி, அதற்கு இணையாக 100 சதவீத ஆறுதல் தொகையும் சேர்க்கப்பட வேண்டும்.

நடுவரை நியமிப்பது யார்?

சிக்கல் தொகையில் மட்டும் இல்லை. நிலம் தேவை என்று அறிவிப்பது மத்திய அரசு. இழப்பீட்டை நிர்ணயிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியை நியமிப்பதும் அதே அரசு. அத்தொகையை ஏற்க மறுப்பவர் அணுக வேண்டிய நடுவரையும் 20எஃப் பிரிவின்படி அதே அரசுதான் நியமிக்கிறது. கட்டுமானத்தின்போது ஏற்படும் சேதத்துக்கான தொகையில் தகராறு எழுந்தால் மாவட்ட நீதிபதி முடிவு செய்ய வேண்டும் என்று இதே சட்டத்தின் 15ஆவது பிரிவு கூறுகிறது. பயிர்ச் சேதத்துக்கு நீதிபதி, நிலத்தையே இழப்பதற்கு அரசு நியமிக்கும் நடுவர் என்பது முரண்பாடாகும்.

ஒப்பந்ததாரர்கள் விஷயத்தில் இத்தகைய ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பு தொடர்பான வழக்கில், ஒரு தரப்பு மட்டுமே நடுவரை நியமிக்க வழிசெய்யும் பொது ஒப்பந்த விதிகள் சமத்துவ உரிமைக்கு எதிரானவை என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஒப்பந்தங்களைப் பற்றியது. நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் நடுவருக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆயினும், பெரிய ஒப்பந்ததாரருக்குக் கிடைக்கும் நடுநிலை, அரை ஏக்கர் மாந்தோப்பை இழக்கும் சித்தூர் விவசாயிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

பயணிகளின் பாதுகாப்பில் சட்டம் இப்படி விட்டுவிடவில்லை. புதிதாக அமைக்கப்படும் கூடுதல் பாதையிலும், ரயில் பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து அறிக்கை அளித்த பிறகே பயணிகள் வண்டி ஓட முடியும். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் அல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பாதையை அமைப்பவரே அதன் தரத்துக்குச் சான்று அளிக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. அதே அடிப்படை நிலம் இழப்பவருக்கும் பொருந்த வேண்டும்.

கடவுப்பாதையும் ஏரி நீரும்

பாதையால் இரண்டாகப் பிரியும் நிலங்களின் உரிமையாளர்களுக்காகக் கடவுப்பாதை, சிறுபாலம், வடிகால் ஆகியவற்றை ரயில்வே அமைத்துத் தர வேண்டும் என்று 16ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், அந்தப் பாதை முதன்முதலாகப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு 10 ஆண்டுகள் கடந்தபின் கூடுதல் வசதியைக் கோர முடியாது. தேவைப்படுவோர் 17ஆவது பிரிவின் கீழ் தம் செலவில் கேட்டுப் பெறலாம். காட்பாடி–திருப்பதி பாதை நூறாண்டைக் கடந்தது. எனவே காலவரம்பு என்றோ முடிந்துவிட்டது என்று ரயில்வே வாதிட இடமுண்டு. ஒரு தடத்தைக் கடந்தவர் இனி இரு தடங்களைக் கடக்க வேண்டும், வண்டிகளும் அதிகரிக்கும். ஆகவே, இரண்டாவது தடத்தைப் புதிய பாதையாகவே கருதி இவ்வசதிகளை வடிவமைப்பிலேயே சேர்ப்பதுதான் நேர்மையான அணுகுமுறை.

நீரோட்டம் இதைவிட முக்கியமானது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் வேளாண்மை ஏரிகளையும் அவற்றை நிரப்பும் ஓடைகளையும் சார்ந்தது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. திருப்பதி நகரில் வெள்ளம் சூழ்ந்தது. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு அருகிலுள்ள கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். ரயில் பாதையின் மண்மேடு அகலமாகும்போது அடியில் உள்ள சிறுபாலங்கள் போதுமான அளவில் இல்லையெனில், அந்த மேடே அணையாகிவிடும். எனினும், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் இல்லை. முன் அனுமதியும் அதையொட்டிய மக்கள் கருத்துக் கேட்பும் சட்டப்படி கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத ஆய்வைத் தானே முன்வந்து செய்வதில்தான் ஓர் அமைப்பின் அறம் வெளிப்படும்.

தாமதமாகும் நீதியின் விலை

நெடுஞ்சாலைத் துறையின் அனுபவம் இங்கே பாடமாகும். 1997ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் அதற்கான வட்டியும் மறுக்கப்பட்டன. அவ்விதி செல்லாது என்று தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை இனிவரும் வழக்குகளுக்கு மட்டும் பொருத்த வேண்டும் என்ற தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கோரிக்கை 2025 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. உரிய காலத்தில் கொடுக்காத தொகை, பின்னர் வட்டியுடன் அரசுக் கருவூலத்தின் சுமையாகிறது.

இழப்பீடு கொடுத்துவிட்டால் மட்டும் நில எடுப்பு முறையானதாகிவிடாது என்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளக்கியது. முன்னறிவிப்பு, கருத்துக் கூறும் வாய்ப்பு, காரணங்களுடன் கூடிய முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, விரைவான நடைமுறை, அதன் நிறைவு ஆகிய ஏழும் அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவில் அடங்கியவை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவற்றைச் செயலாக்கப் புதிய சட்டம் தேவையில்லை. அறிவிக்கையின் சாரத்தை, ஒன்றேனும் வட்டார மொழியில் அமைந்த இரு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட்டால் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடும். ஆனால், தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இந்த எல்லைப் பகுதியில், இரு மொழிகளிலும் கிராம அளவில் அதைக் கொண்டுசேர்ப்பதே பயன் தரும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகளை நடுவர்களாக நியமிக்கலாம். கடவுப்பாதைகள், சிறுபாலங்கள் ஆகியவற்றின் வரைபடங்களை ஊராட்சி அலுவலகங்களில் வைத்து, ஒப்பந்தப் பணி தொடங்கும் முன்பே கருத்துக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டிய விவசாயிக்கு, தம் நிலத்தில் என்ன வரப்போகிறது என்பது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.